புயல் எல்லோருக்கும் அடித்தது, ஒரு விமான நிறுவனம் மட்டும் ஏன் முடங்கியது? பெரிய நிறுவனங்களை கணினியில் 'ஒத்திகை' பார்ப்பது எப்படி?

2022 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்ச் சேர அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் விமான நிலையங்களில் குவிந்திருந்த நேரம். கடும் பனிப்புயல் நாட்டின் பெரும்பகுதியைத் தாக்கியது. எல்லா விமான நிறுவனங்களும் சேவைகளை ரத்து செய்தன. சில நாட்களில் பெரும்பாலான நிறுவனங்கள் மீண்டு வந்துவிட்டன. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மட்டும் மீளவில்லை.

வானிலை சரியான பிறகும் ரத்து குறையவில்லை. டிசம்பர் 26, 27, 28 ஆகிய மூன்று நாட்களிலும் தினமும் 2,000-க்கும் அதிகமான விமானங்களை அந்த நிறுவனம் ரத்து செய்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்குப்படி, மொத்தம் 16,900 விமானங்கள் ரத்து. பாதிக்கப்பட்ட பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல்.

ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில், அந்தத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனத்துக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

விமானங்கள் இருந்தன. விமானிகள் இருந்தார்கள். பயணிகளும் இருந்தார்கள். ஆனால் எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே நிறுவனத்துக்குத் தெரியாமல் போனது. அதெப்படி நடந்தது? இப்படி ஒரு சரிவை முன்கூட்டியே கணினியில் பார்த்துவிட முடியாதா?

முடியும். அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆட்கள், இயந்திரங்கள், சரக்கு, விதிகள், தாமதங்கள் எல்லாவற்றையும் கணினிக்குள் கட்டி, அதை ஓட்டிப் பார்ப்பது. 'சிமுலேஷன்' என்று சொல்வார்கள். எளிமையாகச் சொன்னால் கணினி ஒத்திகை. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை இங்கே பார்க்கலாம்.

புயல் பொதுவானது, சவுத்வெஸ்ட் மட்டும் ஏன்?

முதலில் அந்த நிறுவனத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மற்ற பெரிய நிறுவனங்கள் ஒரு சில பெரிய விமான நிலையங்களை மையமாக வைத்து இயங்குகின்றன. அங்கிருந்து விமானம் கிளம்பும், ஓர் ஊருக்குப் போகும், பெரும்பாலும் அதே மையத்துக்குத் திரும்பும். ஓர் ஊரில் புயல் என்றால், அந்த ஊருக்கான போக்குவரத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஓட்ட முடியும்.

சவுத்வெஸ்டின் முறை வேறு. ஊரிலிருந்து ஊருக்கு நேராகப் பறப்பது அதன் பாணி. ஒரு விமானம் காலையில் ஓர் ஊரில் கிளம்பினால், இரவுக்குள் நான்கைந்து ஊர்களைத் தொட்டுவிடும். நம்மூர் டவுன் பஸ் 'டிரிப்' அடிப்பது போல. நல்ல நாட்களில் இது லாபமான முறை. விமானம் தரையில் சும்மா நிற்கும் நேரம் குறைவு.

ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அன்றைக்கு அந்த விமானம் போக வேண்டிய எல்லா ஊர்களும் பாதிக்கப்படும். அதில் இருந்த விமானியும் பணிப்பெண்களும் அடுத்து ஏற வேண்டிய வேறு விமானங்களும் காத்து நிற்கும். டென்வரிலும் சிகாகோவிலும் அடித்த புயல், வெயில் காய்ந்த ஊர்களிலும் விமானங்களை நிறுத்தியது இப்படித்தான்.

இதோடு இன்னொரு சிக்கல். ஒரு விமானி ஒரே நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. காத்திருக்கும் நேரமும் அதில் கணக்கு. எனவே விமானமும் விமானியும் ஒரே ஊரில் இருந்தாலும், அவருடைய பணி நேரம் முடிந்துவிட்டால் விமானத்தை எடுக்க முடியாது.

இந்த மாற்றங்களைச் சமாளித்து, யாரை எந்த விமானத்தில் போடுவது என்று முடிவு செய்ய ஒரு மென்பொருள் இருந்தது. வழக்கமான இடையூறுகளை அது சமாளித்து வந்தது. ஆனால் அந்த வாரம், அது ஒரு தீர்வைச் சொல்லி முடிப்பதற்குள் களத்தில் நிலைமை மாறிவிட்டிருந்தது. கடைசியில் ஊழியர்கள் போனை எடுத்து, ஒவ்வொரு விமானியையும் விமானப் பணியாளரையும் தேடிக் கையால் பட்டியல் போட்டார்கள். விமானிகளோ 'எங்கே போக வேண்டும்' என்று கேட்க, மணிக்கணக்கில் போன் லைனில் காத்திருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குறிப்பிட்ட ஒருவர் வேலையைச் சரியாகச் செய்யாததால் இது நடக்கவில்லை. பெரும்பாலானோர் தங்கள் இடத்தில் சரியாகத்தான் வேலை பார்த்தார்கள். ஒன்றையொன்று கோத்திருந்த விதம்தான் மொத்தத்தையும் சரித்தது. கணினி ஒத்திகை தேடுவதும் அதைத்தான்.

அதே நிறுவனம், இருபது ஆண்டுகளுக்கு முன்பு

வேடிக்கை என்னவென்றால், கணினி ஒத்திகையால் பெரிய பலன் கண்ட நிறுவனங்களுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவதும் இதே சவுத்வெஸ்ட்தான்.

பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் சரக்கும் ஏற்றுவார்கள். சவுத்வெஸ்ட் விமானங்களில் சராசரியாக சரக்கு இடத்தின் 7 சதவீதம்தான் நிரம்பியது. ஆனாலும் சில விமான நிலையங்களில் 'இடமில்லை' என்று சரக்கு தேங்கியது. ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் நெரிசல். காரணம் புரியவில்லை.

விமானங்கள், சரக்குப் பெட்டிகள், அவற்றை ஏற்றி இறக்கும் ஊழியர்கள் பின்பற்றும் விதி என எல்லாவற்றையும் கணினியில் உருவாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. 'போக வேண்டிய திசையில் கிளம்பும் முதல் விமானத்தில் பெட்டியை ஏற்றிவிடு' என்பதுதான் ஊழியர்களின் பழக்கம். கேட்டால் சரியென்றுதான் தோன்றும். ஆனால் அப்படிச் செய்ததால் ஒவ்வொரு பெட்டியும் வழியில் பல முறை இறக்கி ஏற்றப்பட்டது. எல்லாப் பெட்டிகளும் ஒரு சில பரபரப்பான நிலையங்களில் வந்து சேர்ந்தன.

ஒத்திகை சொன்ன தீர்வு வினோதமானது. சிகாகோவிலிருந்து பாஸ்டன் போக வேண்டிய பெட்டி, முதலில் அட்லான்டாவுக்குப் போய் அங்கிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில் இருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். சுற்றுவழிதான், ஆனால் இறக்கி ஏற்றும் வேலை மிச்சம்.

பலன்? 2001 மே மாத ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எரிக் போனபோ, கிறிஸ்டோபர் மேயர் எழுதிய கட்டுரையின்படி, பரபரப்பான நிலையங்களில் சரக்கு மாற்றி ஏற்றுவது 80 சதவீதம் வரை குறைந்தது. சரக்கு கையாளும் ஊழியர்களின் வேலைப்பளு 20 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கும் அதிகமான ஆதாயம் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

புது விமானம் வாங்கவில்லை. புது கட்டடம் கட்டவில்லை. ஒரு விதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கணினி ஒத்திகை என்றால் என்ன?

பலரும் இதை ஜோசியம் போல நினைக்கிறார்கள். 'அடுத்த ஆண்டு விற்பனை எவ்வளவு' என்று சொல்வது இதன் முக்கிய வேலை இல்லை. 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் வேலை.

விமானி பயிற்சி பெறும் சிமுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவானில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று நிஜ விமானத்தில், பயணிகளோடு, பழக முடியாது. அதனால் தரையில் ஒரு போலி விமானி அறையில் பழகுகிறார்கள். ஒரு நிறுவனத்துக்கும் அதே நிலைதான். 'நாளைக்குப் பாதி ஊழியர்கள் வரவில்லை என்றால்?' என்பதை நிஜமாகவே செய்து பார்க்க முடியாது. கணினியில் செய்யலாம். நூறு முறை சரித்துப் பார்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த ஒத்திகையில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கேள்விக்கு ஏற்றது.

வழி 1: தாமதங்களைப் பின்தொடர்வது

இதன் தொடக்கம் 1950-களில். ஜே ஃபாரஸ்டர் ஒரு மின் பொறியாளர். கணினி உருவாக்கத்தின் ஆரம்ப காலத்தில் முக்கியமான பங்கு வகித்தவர். 1956-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார்.

அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒரு புதிர் இருந்தது. கென்டக்கி மாகாணத்தில் வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிக்கும் அதன் ஆலைகளில் ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டுகளில் பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும். 'மார்க்கெட் அப்படி' என்பதுதான் வழக்கமான விளக்கம். ஆனால் அது முழு விளக்கமாகத் தெரியவில்லை.

ஃபாரஸ்டர் அங்கிருந்தவர்களிடம் ஒன்றை விசாரித்தார். ஆட்களை எடுப்பதையும் இருப்பு வைப்பதையும் எப்படி முடிவு செய்கிறீர்கள்? அந்த விதிகளை வைத்து ஒரு நோட்டுத்தாளில் கட்டம் போட்டார். இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று எழுதி வாரா வாரம் கணக்குப் போட்டார். கணினிகூட இல்லை, பென்சில்தான்.

விடை அதிர்ச்சியாக இருந்தது. வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே அளவில் இருந்தால்கூட, அந்த ஆலைகளில் வேலைவாய்ப்பு ஏறி இறங்கும். முடிவு எடுப்பதற்கும் அதன் பலன் தெரிவதற்கும் நடுவே உள்ள தாமதமே அலையை உண்டாக்கியது. தொழிலாளர்கள் வேலையிழந்ததில், நிறுவனத்தின் சொந்த விதிகளுக்கும் பெரிய பங்கு இருந்தது.

1961-ல் அவர் எழுதிய 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' புத்தகம் இந்த முறைக்கு அடித்தளம் போட்டது. 'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்ற பெயரில் இன்றும் உலகம் முழுவதும் கற்றுத்தரப்படுகிறது.

இதைப் புரியவைக்க எம்ஐடி-யில் ஒரு விளையாட்டையும் உருவாக்கினார்கள். நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. சரக்கு பீர் பெட்டிகள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருப்பவரின் ஆர்டர் மட்டும்தான் தெரியும். ஆர்டர் போய்ச்சேரவும் சரக்கு வரவும் சில வாரங்கள் ஆகும்.

வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்கிறார். பிறகு ஒரே ஒரு முறை அது 8 ஆக உயர்கிறது, அப்படியே நிற்கிறது. நடப்பது இந்த ஒரு மாற்றம்தான். ஆனால் சரக்கு வரவில்லையே என்ற பதற்றத்தில் கடைக்காரர் கூடுதலாகக் கேட்க, மொத்த வியாபாரி அதைவிடக் கூடுதலாகக் கேட்க, ஆலைக்குப் போகும்போது அது பெரிய அலையாகிவிடும். சில வாரங்களில் எல்லோரிடமும் சரக்கு மலைபோல் குவிந்துவிடும். விளையாடி முடித்தவர்களிடம் கேட்டால், 'வாடிக்கையாளர்தான் தாறுமாறாக வாங்கினார்' என்று சத்தியம் செய்வார்கள்.

நிஜத்திலும் இது நடக்கிறது. குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் அளவு மாதா மாதம் பெரிதாக மாறாது. ஆனால் பேம்பர்ஸ் தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனத்துக்கு வரும் ஆர்டர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. சாட்டையின் கைப்பிடியை லேசாக அசைத்தாலும் நுனி பெரிதாக வீசுவது போல இருந்ததால், இதற்கு 'புல்விப் விளைவு', அதாவது சாட்டை விளைவு என்று பெயர் வந்தது.

வழி 2: வரிசைகளைக் கணக்கிடுவது

இரண்டாவது வழி, வேலையை ஒவ்வொரு நிகழ்வாகப் பார்க்கிறது. நோயாளி வந்தார், காத்திருந்தார், டாக்டரைப் பார்த்தார், கிளம்பினார். லாரி வந்தது, எடை போட்டது, சரக்கு இறக்கியது. கணினி ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரம் குறித்து, கடிகாரத்தை வேகமாக ஓட்டுகிறது. ஒரு வருடத்தை நிமிடங்களில் முடித்துவிடும்.

1950-களின் இறுதியில் பிரிட்டனில் உருக்காலைகளின் செயல்பாட்டை ஆராய கீத் டோச்சர் என்பவர் இப்படி ஒரு கணினி நிரலை உருவாக்கினார். 1961-ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் இதே வேலைக்கென ஒரு மொழியைக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனை, துறைமுகம், கால் சென்டர், தொழிற்சாலை என எங்கும் பயன்படும் முறை இது.

இதில் ஒரு கணக்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே ஒரு கவுன்டர் இருக்கிறது. ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. ஆட்கள் எப்போது வருவார்கள் என்பதும், யாருக்கு எவ்வளவு நேரமாகும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. இந்த நிலையில், வரிசைக் கோட்பாட்டின் அடிப்படைக் கணக்கு சொல்வது இது:

- கவுன்டர் ஊழியர் தன் நேரத்தில் 50 சதவீதம் வேலையாக இருந்தால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம்
- 80 சதவீதம் வேலையாக இருந்தால் 20 நிமிடம்
- 90 சதவீதம் என்றால் 45 நிமிடம்
- 95 சதவீதம் என்றால் 95 நிமிடம்

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். வேலை கூடியது 5 சதவீதப் புள்ளிதான். காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 'இவர் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாரே' என்று மேலாளர் கூடுதல் வேலை கொடுத்தால், செலவு மிச்சமானது போல் தெரியும். அதன் விலையை வரிசையில் நிற்பவர் கொடுக்கிறார்.

பல நிறுவனங்களின் சரிவுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். ஆள், இயந்திரம், நேரம் எதிலும் துளி மிச்சம் வைக்காமல் இழுத்துக் கட்டினால், நல்ல நாட்களில் லாபம் கூடும். ஆனால் ஒரு சின்ன இடையூறைத் தாங்கக்கூட இடம் இருக்காது.

வழி 3: ஒவ்வொருவரையும் தனித்தனியாக உருவாக்குவது

மூன்றாவது வழியில், கணினிக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன 'ஆட்கள்' உருவாக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சில விதிகள். 'முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நகரு', 'முதலில் வரும் விமானத்தில் ஏற்று' என்பது மாதிரி. பிறகு எல்லோரையும் ஒன்றாக விட்டுவிட்டு, மொத்தமாக என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

எறும்புக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எறும்புக்கும் முழுத் திட்டம் தெரியாது. ஆனாலும் கூட்டமாகப் பாதை போட்டுவிடும். சவுத்வெஸ்டின் சரக்குப் பிரச்சினையில் பயன்பட்டது இந்த வகைச் சிந்தனைதான். ஊழியரின் ஒரு சின்னப் பழக்கம், நாடு முழுவதும் எப்படி நெரிசலாக மாறுகிறது என்பதை வேறு வழியில் பார்த்திருப்பது கஷ்டம்.

இதை எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் ஐந்து கட்டங்களாக நடக்கும்.

முதலில் கேள்வி. 'எங்கள் மருத்துவமனையைக் கணினியில் கொண்டுவாருங்கள்' என்றால் வேலை முடியவே முடியாது. 'அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு நேரக் காத்திருப்பைப் பாதியாக்க என்ன செய்யலாம்?' என்று கேட்டால், எதைச் சேர்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும்.

இரண்டாவது தகவல். பதிவேடு மட்டும் போதாது. நேரில் போய் நின்று பார்க்க வேண்டும். விதிப்புத்தகத்தில் ஒன்று இருக்கும், தரையில் நடப்பது வேறாக இருக்கும்.

மூன்றாவது சோதனை. போன வருடத் தகவலைக் கொடுத்து ஓட்டுவார்கள். போன வருடம் நிஜத்தில் நடந்த தாமதங்கள் கணினியிலும் வர வேண்டும். வராவிட்டால் மாதிரியில் ஏதோ தப்பு. கூடவே, அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்த ஊழியர்களிடம் காட்டி 'இப்படித்தான் நடக்குமா?' என்று கேட்பார்கள்.

நான்காவது, திரும்பத் திரும்ப ஓட்டுவது. தற்செயல்கள் இருப்பதால் ஒரு முறை ஓட்டி முடிவு சொல்ல முடியாது. ஆயிரம் முறை ஓட்டி, எத்தனை முறை சமாளித்தது, எத்தனை முறை சரிந்தது என்று எண்ணுவார்கள்.

ஐந்தாவதுதான் 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்ற சோதனை. ஒரு விதியை மாற்று, இரண்டு ஆட்களைச் சேர், ஒரு புயலை அடிக்க விடு. பிறகு மறுபடியும் ஆயிரம் முறை.

இப்போது 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் அதிகம் அடிபடுகிறது. இதே மாதிரிதான், ஆனால் நிஜ நிறுவனத்திலிருந்து தகவல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் இரட்டைப் பிறவி.

எங்கே தவறும்?

கணினி சொல்லிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் நான்கு.

ஒன்று, சராசரியை மட்டும் பார்ப்பது. ஆயிரம் ஓட்டங்களில் 980 நன்றாக இருந்து 20 மட்டும் மொத்தமாகச் சரிந்தால், சராசரி அழகாகத்தான் தெரியும். நிறுவனத்தைக் கவிழ்ப்பது அந்த 20-தான்.

இரண்டு, பழைய தகவலுக்குள் அடங்கிவிடுவது. பத்து ஆண்டுகளில் வராத புயல் தகவலில் இருக்காது. அதை யாராவது வேண்டுமென்றே உள்ளே போட்டால்தான் ஒத்திகையில் வரும்.

மூன்று, மனிதர்களை இயந்திரம் போல எழுதுவது. நிஜத்தில் ஊழியர்கள் குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள், களைத்துப்போவார்கள், பயத்தில் கூடுதல் ஆர்டர் போடுவார்கள். அதை விட்டுவிட்டால் மாதிரி காகிதத்தில் மட்டும்தான் ஓடும்.

நான்கு, திட்டத்தை மட்டும் சோதித்து, மீள்வதைச் சோதிக்காமல் விடுவது. எல்லாம் ஒழுங்காகப் போகும் நாளுக்கு அட்டவணை போடுவது ஒரு வேலை. அது உடைந்த பிறகு மறுபடி ஒட்டவைப்பது வேறு வேலை. சவுத்வெஸ்டில் 2022-ல் தோற்றது இந்த இரண்டாவது வேலைதான். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பம் பழையது என்று விமானிகள் சங்கம் பல ஆண்டுகளாகவே எச்சரித்து வந்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் நிறுவனத்தின் உயரதிகாரி மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு பணியாளர் மென்பொருள் மேம்படுத்தப்பட்டது.

இந்தியாவில் என்ன நடந்தது?

இந்தக் கதை அமெரிக்காவோடு முடியவில்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில், நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் சேவைகள் நிலைகுலைந்தன. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ரத்து. சென்னை உட்பட பல விமான நிலையங்களில் பயணிகள் தவித்துக் கிடந்தனர்.

அங்கே முக்கியக் காரணம் புயல் இல்லை. விமானிகளின் களைப்பைக் குறைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொண்டுவந்த புதிய பணி நேர விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருந்தது. முதல் கட்டத்திலேயே வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருந்தது. இரவுப் பணியில் தரையிறங்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. அதே அட்டவணையை ஓட்ட இப்போது கூடுதல் விமானிகள் தேவை.

திட்டமிடலில் குறை இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. செயல்பாடுகளை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருந்ததும், போதிய கையிருப்பு வைக்காததும் காரணங்கள் என்று டிஜிசிஏ அமைத்த விசாரணைக் குழு பின்னர் சுட்டிக்காட்டியது.

புயல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விதி மாறும் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. 'நவம்பர் 1 முதல் இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை குறைந்தால், டிசம்பர் அட்டவணைக்கு எத்தனை விமானிகள் குறைவார்கள்?' என்பது கணினி ஒத்திகைக்கு மிகப் பொருத்தமான கேள்வி.

நெருக்கடியைத் தணிக்க, புதிய விதிகளில் சிலவற்றிலிருந்து நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. விமானியின் ஓய்வு, அதாவது பயணியின் பாதுகாப்புக்காக வந்த விதி, பயணியின் அவஸ்தையைக் குறைக்கத் தளர்த்தப்பட்டது.

கணினி சொல்லும், முடிவு யாருடையது?

பெரும்பாலான ஒத்திகைகள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் சில விமானிகள், ஒரு மாற்று விமானம், ஒரு காலி படுக்கை, கிடங்கில் சில நாள் இருப்பு. நல்ல நாளில் பார்த்தால் இவை வீண் செலவு. கெட்ட நாளில் நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பவை இவைதான்.

எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டுத் தரும். அதற்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் பயணியும், போன் லைனில் காத்திருக்கும் விமானியும், ஆர்டர் குறைந்த மாதத்தில் வேலை இழக்கும் தொழிலாளியும் அதைக் கொடுப்பார்கள்.

அடுத்த முறை ஒரு பெரிய நிறுவனம் முடங்கி, 'எதிர்பாராத சூழல்' என்று அறிக்கை வரும்போது, இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தச் சூழலை அவர்கள் ஒத்திகை பார்த்தார்களா? பார்த்திருந்தால், அது கேட்ட மிச்சத்தை ஒதுக்கினார்களா?